கீறல் இல்லாத டிவி

ரெமிஜியஸுக்குப் பெங்களூர் பீன்யாவில் வேலை. பாத்ரூம் குழாய் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. பாலிஷ் ஆகி வருகிற குழாய்களை டியூப்லைட் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, முடியளவு கீறல் இருந்தாலும் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்து ஓரமாகத் தள்ளிவிட வேண்டும். மனிதர் அந்த வேலையைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு செய்வார். பாலிஷ் பிரிவில் அவரைத் திட்டாத வாய் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டுக்கு ஒரு பழைய டிவியை வாங்கிவந்தார், அதன் திரை முழுக்கக் கீறல் என்றால், அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சொல்ல முடியாது என்பதுதான் அவருடைய கஷ்டமே. ஏனென்றால் டிவி புதுசு என்று சகலையிடம் சொல்லியாகிவிட்டது.

சகலை பெயர் பால்ராஜ். ரெமிஜியஸின் மனைவி பிரிசில்லாவுக்கு அக்கா ஹெலன், ஹெலனைக் கட்டியவர். ரெண்டு குடும்பமும் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வந்தவைதான். இப்போது ஒன்று ஒயிட்ஃபீல்டு பக்கம் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறது, இன்னொன்று ஜோகுபாளையத்தில் வாடகை வீட்டில் இருக்கிறது. அதையெல்லாம் ஆண்டவர் சித்தம் என்று ரெமிஜியஸ் விட்டுவிடுவார். பால்ராஜின் வாயைத்தான் அவரால் தாங்க முடிவதில்லை. எதைச் சொன்னாலும் அந்த மனுஷருக்கு "தெரியும், தெரியும்". மழை வருது என்றாலும் தெரியும், பிரிசில்லாவுக்குக் காய்ச்சல் என்றாலும் தெரியும்.

அந்தப் பால்ராஜ் போன மாதம் புனித பூமிக்கு யாத்திரை போய்விட்டு வந்தார். வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக வீட்டுக்குக் கூப்பிட்டு, உட்காரவைத்து, தான் எடுத்த வீடியோவை முழுக்கப் போட்டுக் காட்டி, யோர்தான் தண்ணீரை மூடியளவு ஊற்றிக்கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். ரெமிஜியஸ் வீட்டின் முறையும் வந்தது. போன் வந்தபோது ரெமிஜியஸுக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"அண்ணா, உங்க டிவி சின்னதுண்ணா. அவ்ளோ பெரிய எடத்துக்குப் போய்ட்டு வந்து அத்தச் சின்னதுல பாக்கறதா? நான் புதுசு ஒண்ணு எடுத்துக்கினேன். நல்லா பெருசு. ஞாயித்துக்கெழம பூசை முடிச்சுட்டு அக்காவக் கூட்டிக்கினு சாப்பாட்டுக்கு இங்க வந்துடுங்க. வீடியோவ இங்கயே போட்டுடலாம்."

அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது பிரிசில்லா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த, கூன் விழுந்த பழைய டிவி. அதில் எல்லா முகமும் பச்சையாகத் தெரியும். போனை வைத்த பிறகுதான் ரெமிஜியஸ் டிவி தேட ஆரம்பித்தார்.

தொம்மலூரில் ரகுராம் என்று ஒரு சாஃப்ட்வேர்காரர். கனடா போகிறார், வீட்டுச் சாமான்களை வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். திரைச்சீலை எல்லாம் மூடிக்கிடந்த ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. படம் பிரமாதமாக இருந்தது. கீறல் ஏதும் உண்டா என்று கேட்க ரெமிஜியஸ் வாயைத் திறந்தார். ரகுராம் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினார். ரெமிஜியஸ் வாயை மூடிக்கொண்டார். குழாயில் தூசி இருந்தாலும் விடாத கண்ணுக்கு அன்றைக்கு என்ன ஆனதோ. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"டப்பா இருக்குதா சார்?"

இருந்தது. ஒரிஜினல் அட்டைப்பெட்டி, தெர்மாகோல் முதற்கொண்டு பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டோ வீட்டு வாசல் வரைக்கும் வரும். ஆனால் ரெமிஜியஸ் தெருமுனையிலேயே இறங்கி, டிரைவரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, பெட்டியின் மேல் போட்டிருந்த டிவி படம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்துக்கொண்டு, தேர் இழுக்கிற வேகத்தில் நடந்துவந்தார். எதிர்வீட்டு எல்லம்மா, "ஹொசதா?" என்று கன்னடத்தில் கேட்டாள். "ஹொசதே, ஹொசதே" என்றார். புதுசுதான், புதுசுதான்.

வீட்டுக்குள் வந்து சுவரில் மாட்டி ஜன்னலைத் திறந்தார். வெயில் பக்கவாட்டில் திரைமேல் விழுந்தது. ரகுராம் வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்துத் திரையை ஆசைதீரத் தேய்த்திருக்கிறார்கள். வட்டம் வட்டமாகக் கீறல். நடுவில் நீளமாக ஒன்று, மூலைக்கு மூலை.

ரெமிஜியஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கீறல் இருந்தா இருந்துட்டுப் போகுது" என்றாள் பிரிசில்லா. "படம் நல்லாத்தான தெரியுது?"

"ஆஃப் பண்ணா தெரியுதே!"

"மாமா ஆஃப் பண்ண டிவியப் பாக்கவா அவ்ளோ தூரத்துலேர்ந்து வராரு?"

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயத்துக்கும் சகலைக்கும் என்ன சம்பந்தம்? பால்ராஜ் வந்ததும் முதலில் ஆஃப் பண்ணின டிவியைத்தான் பார்ப்பார். விரலால் தடவிப் பார்ப்பார். "செகண்ட்ஹேண்டா தம்பி?" என்று மெதுவாகக் கேட்பார், பிறகு அதை எல்லாக் கல்யாணத்திலும் சொல்வார். ரெமிஜியஸுக்கு அந்தக் குரல் இப்போதே காதில் கேட்டது.

சனிக்கிழமை முழுக்க வைத்தியம் நடந்தது. யாரோ வீடியோவில் சொன்னார்களென்று பற்பசையைத் தடவித் தேய்த்தார். கீறல் அப்படியே இருந்தது, வீடு புதினா மணந்தது. வேஸ்லின் தடவினார். அது வானவில் மாதிரி ஏழு நிறம் காட்டியது. கடைசியில் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பாலிஷ் மாவைத் தொட்டு ஒரு மூலையில் லேசாகத் தேய்த்துப் பார்த்தார். அங்கே இருந்த கீறலோடு புதுக் கீறல்களும் சேர்ந்துகொண்டன. ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து, மறுபடியும் திரையின் ஓரத்தைக் குனிந்து ஆராய்ந்தார். அப்போதுதான் அது அவர் கண்ணில் பட்டது. பாலிஷ் மாவு போட்ட மூலையில் மெல்லிசாக ஏதோ தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் தொட்டார். பிளாஸ்டிக்!

"ஏ பிரிசி! இங்க வா! பிரிக்கவே இல்ல அந்தாளு!"

இந்த இடத்தில் ரெமிஜியஸ் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே எந்தப் பொருளும் பிறந்தமேனிக்கு இருந்ததில்லை. ஃபிரிட்ஜ் கதவில் கடையில் ஒட்டின பிளாஸ்டிக் இன்னும் இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் கவர் நொறுங்குகிற சத்தம் கேட்கும். ஸ்கூட்டர் சீட்டு உறை கிழிந்து தொங்கினாலும் கழற்ற மாட்டார். பிரித்துவிட்டால் பழசாகிவிடும் என்பது அந்த வீட்டுச் சட்டம். தான் பிரிக்காததை ஊரிலும் யாரும் பிரிக்க மாட்டார்கள் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ரகுராமும் கம்பெனி ஒட்டின கவரைப் பிரிக்காமலே வைத்திருந்திருக்கிறார், கீறல் எல்லாம் அந்தக் கவரில்தான்! கீழே புத்தம்புது கண்ணாடி!

பிரிசில்லா வந்து பார்த்தாள். "நல்லாப் பாருங்க. அது டிவியோட தோலா இருக்கப் போகுது."

"நான் குவாலிட்டில இருக்கறவன்டி. எனக்குத் தெரியாதா?"

அவள் ஹேர் டிரையரை வாங்கிச் சூடு காட்டிக்கொண்டே பிரித்தார். கவர் லேசில் வரவில்லை. கீற்றுக் கீற்றாகக் கிழிந்து சுருண்டு சுருண்டு விழுந்தது. அடியில் இருந்த பசையைத் தின்னர் போட்டுத் துடைத்தார். துடைத்து முடித்து டியூப்லைட்டைப் போட்டு, இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் பார்த்தார். கண்ணாடி என்றால் கண்ணாடி. ஒரு கீறல் இல்லை. அவர் ஆயுசில் முதல்முறையாக ஒரு பொருளுக்குப் பொட்டு வைக்கத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கியது.

போட்டுப் பார்ப்பதற்குள் காலிங்பெல் அடித்தது.

ஹெலனோடு உள்ளே வந்த பால்ராஜ் செருப்பைக் கழற்றியதும் நேராக டிவியிடம் போனார். விரலால் தடவினார். குனிந்து பார்த்தார். சாய்ந்து பார்த்தார்.

"ம். கண்ணாடி நல்லாருக்குது" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக ரெமிஜியஸ் இன்னொரு டிவியும் வாங்கியிருப்பார். மட்டன் பிரியாணியை அவர் தட்டில் மலையாகக் குவித்தார். சாப்பிட்டு முடித்து எல்லாரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். பால்ராஜ் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் சொருகினார். ரெமிஜியஸ் ரிமோட்டை அமுக்கினார்.

திரை வெள்ளையாக எரிந்தது. வேட்டி காயப்போட்ட மாதிரி ஒரே வெள்ளை. ஆனால் சத்தம் வந்தது. காற்று அடிக்கிற சத்தம், ஜெபமாலை சொல்கிற சத்தம், நடுவில் பால்ராஜின் குரல்: "ஹெலன், அங்கியே நில்லு, ஒட்டகத்தோட வரட்டும்."

ஒட்டகமும் வரவில்லை, ஹெலனும் வரவில்லை.

"உங்க பென்டிரைவ்ல ஏதோ..." என்று ரெமிஜியஸ் இழுத்தார்.

"என் பென்டிரைவா? இத்தினி பேர் பாத்திருக்காங்க!"

ரெமிஜியஸ் கேபிளைப் போட்டார். அதிலும் வெள்ளைதான், வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பெண் செய்தி வாசித்தாள். கிழித்துப்போட்டது என்ன என்று ரெமிஜியஸுக்கு இப்போது புரிந்துவிட்டது. தோல். பிரிசில்லா சொன்ன அதே தோல். அடுக்களை வாசலில் நின்ற அவளைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. தொம்மலூர், ரகுராம், டப்பா, தெருவில் நடந்த ஊர்வலம் எல்லாம் இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளியே வரப்போகிறது. பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"கண்ணு கூசுது தம்பி" என்றார் பால்ராஜ். யாத்திரைக்காக வாங்கின கூலிங்கிளாஸ் அவர் சட்டைப்பையில் இருந்தது. பாலைவன வெயிலைக்கூடத் தடுக்கும் போலராய்டு கண்ணாடி என்று ஏற்கெனவே எல்லாரிடமும் சொல்லியிருந்தார். எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஏய்! நான் தெரியறேன்!"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், வெள்ளை. மாட்டினார். "ஒட்டகம் தெரியுது! ஹெலன், நீ கூட தெரியற! ஸ்வல்ப இருட்டா, ஆனா சூப்பரா தெரியுது!" தலையைச் சாய்த்தார். "சாஞ்சாதான் எல்லாரும் நெகட்டிவ் மாதிரி ஆயிடறாங்க."

கிழித்துப்போட்ட தோலும் அந்தப் போலராய்டு கண்ணாடியும் ஒரே ஜாதிச் சரக்கு என்பது ரெமிஜியஸுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, வாய்தான் இருக்கிறதே.

"அதாண்ணா இதுல விசேஷம்" என்றார். "புது டெக்னாலஜி. ஸ்பெஷல் கண்ணாடி போட்டாத்தான் படம் தெரியும், என்னுது இன்னும் வந்து சேரல. அக்கம்பக்கத்துல எவனும் எட்டிப் பாக்க முடியாது."

பால்ராஜ் ஒரு கணம் யோசித்தார். தனக்குத் தெரியாத ஒன்று ஜோகுபாளையத்தில் இருப்பதா?

"தெரியும், தெரியும். இத நான் வரும்போது ஏர்போர்ட்லயே பாத்தேன்."

அப்புறம் நடந்தது இதுதான்: பால்ராஜ் தனியாகப் படம் பார்த்தார். மற்ற மூன்று பேரும் வெள்ளையைப் பார்த்துக்கொண்டு அவர் சொல்கிற விளக்கத்தைக் கேட்டார்கள். இதோ பெத்லகேம், இதோ யோர்தான், இதோ நான் முழுகுகிறேன். "நானுந்தான அங்க வந்தேன், ஒரு தடவ அத்தக் குடுங்க" என்று ஹெலன் கை நீட்டினாள். கொடுக்கவில்லை. "விசுவாசம் உள்ளவங்களுக்குத்தான் தெரியும் போலக்கா" என்று சொல்லிவிட்டுப் பிரிசில்லா காபி போடப் போனாள்.

வீடியோ முடிந்தது. பால்ராஜ் எழுந்து திரையை இன்னொரு தரம் தடவினார். இந்தமுறை தடவினதில் பொறாமை இருந்தது. ரெமிஜியஸ் அதைக் கண்ணாரக் கண்டார். எத்தனை வருஷக் காத்திருப்பு!

"தம்பி, என் டிவி போன வருஷம் எடுத்தது. நல்ல மாடல். அதுலயும் இந்த வசதி இருக்கும்ல?"

"இல்லண்ணா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்பார், பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பிரிசில்லா காபித் தட்டோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடுதான் சொன்னார்.

"இருக்கும்ணா. மேல மெல்லிசா ஒரு கவர் ஒட்டியிருப்பான். அத்தப் பிரிச்சாத்தான் இந்த வசதி வேலை செய்யும். மூலைல நகத்தால நெம்புங்க. ஹேர் டிரையர்ல சூடு காட்டுங்க, ஈசியா வந்துடும்."

"தெரியும், தெரியும்" என்றார் பால்ராஜ்.

அவர்கள் போன பிறகு பிரிசில்லா அடுக்களைக்குப் போனாள். பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினாள். ரெமிஜியஸ் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவம் செய்துவிட்டோம் என்று ஒரு பக்கம் உறுத்தியது. இந்நேரம் பிரித்திருப்பாரா என்று இன்னொரு பக்கம் குறுகுறுத்தது. அலறல் கேட்டால் எப்படி ஆறுதல் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வந்தது.

"தம்பி, பிரிச்சுட்டேன்!" பால்ராஜின் குரலில் அப்படி ஒரு குதூகலம். "உன்னுதவிட என்னுது இன்னும் கிளியர்! ஹெலன் ஒண்ணும் தெரியலன்னு கத்திக்கினு இருக்கா. கத்தட்டும். இனிமே ரிமோட்டுக்கு இந்த வீட்ல எவனும் சண்ட போட மாட்டான். சோபால நான் ஒருத்தன்தான் ராஜா மாதிரி குந்திக்கினு பாக்கறேன். ஆமா, உனக்கு அந்தக் கண்ணாடி வந்துச்சா?"

"இன்னும் வரலண்ணா."

"வரும், வரும். அதுவரைக்கும் சவுண்டு கேட்டுக்கினு இரு."

ரெமிஜியஸ் போனை வைத்தார். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. பிரிசில்லா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாவாம்? டிவி போச்சாமா?"

"போச்சு" என்றார் ரெமிஜியஸ். "சந்தோஷமா இருக்காராம்."