தண்ணீர் லாரியும் நியூயார்க் வழக்கும்

ராயபுரத்தில் அந்தத் தெருச் சங்கத்துக்கு ஒரு கரும்பலகை உண்டு. சாவுச் செய்தி, கரண்ட் கட், தண்ணீர் லாரி வரும் நேரம் எல்லாம் அதில்தான். எழுதுவது ஹெப்சிபா. சட்டக் கல்லூரி மாணவி; சாக்பீஸ் கைக்கு வந்துவிட்டால் தலைகால் புரியாது. போன வாரம், "சங்கத் தலைவர் நெல்சன் வீட்டுத் தொட்டி நிறைந்த பிறகே மற்றவர் குடங்களுக்குத் தண்ணீர்" என்று எழுதிவிட்டாள். தெருவே சிரித்தது. நெல்சனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் சங்கம் கூடியது. ஹெப்சிபா மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பலகையைக் கழற்றிவிடுவார்கள். அந்தப் பலகை என்றால் அவளுக்கு உயிர்.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? படித்ததை எடுத்துவிட்டாள்.

"அங்கிள், அமெரிக்காவ இங்கிலாந்து ராஜா ஆண்டுகினு இருந்தப்போ, நியூயார்க்ல ஜெங்கர்னு ஒருத்தரு பேப்பர் அச்சடிச்சிகினு இருந்தாரு. கவர்னரப் பத்தி போட்டாருன்னு புட்ச்சி உள்ள வெச்சிட்டாங்கோ. அவரு சம்சாரம் பேப்பர நிறுத்தவே இல்ல, தெரியுமா?"

"ஜட்ஜு இன்னா சொன்னாரு, அத்த சொல்லு" என்றார் நெல்சன்.

"உண்மையாவே இருந்தாலும் கவர்னரத் திட்டி எழுதுனா குத்தம்னாரு."

நெல்சன் தொடையைத் தட்டினார். "அவுருதான் ஜட்ஜு! உண்மையா இருந்தாலும் எழுதக்கூடாது. அத்தத்தான நானும் சொல்லிகினு கீறேன்!"

ஹெப்சிபாவின் அம்மா இருதயம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "அப்போ உண்மைதான்னு ஒத்துக்கினியா நெல்சா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஜூரிகள் ஜட்ஜு பேச்சைத் தள்ளிவிட்டு ஜெங்கரை விடுதலை செய்ததையும், பிற்பாடு அந்த நாடு சுதந்திரம் பெற்றுப் பத்திரிகைச் சுதந்திரத்தை அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டதையும் அவள் சொன்னபோது கேட்க ஆளில்லை. பலகை பிழைத்தது, அவளுக்கு அது போதும்.

மறுநாள் லாரி வந்தது. அந்தத் தெருவில் குடம் நிற்கும் இடம்தான் ஆள் நிற்கும் இடம், யாரும் நகர்த்தக்கூடாது. இருதயம்மாள் தன் ஐந்து குடத்தையும் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். "பலகை எழுதறவளோட அம்மா நானு, வழி வுடுங்கோ!"

நெல்சன் வாசலில் நின்று ஹெப்சிபாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அவமானத்தில் அழுகை வந்தது. போய்ச் சாக்பீஸை எடுத்தாள். "இன்று வரிசையை மீறியவர்: என் அம்மா இருதயம்மாள்."

"பெத்தவளயே எழுதறியா? ராத்திரிக்கு உனக்கு சோறு கெடையாதுடி!"

ஹெப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் அடுத்த வரியில் எழுதினாள்.