வெள்ளைப் புள்ளி

நீலாவதி தாளின் ஓரத்தை நகத்தால் பிடித்துத் தூக்கினாள். அப்படியும் அச்சு ரோஜாவின் ஓர் இதழ் மை கலைந்து ஈஷிக்கொண்டது. விருத்தாசலம் ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த அந்தப் பீங்கான் கம்பெனியில், கோப்பைகளில் ஒட்டும் பூப்படங்களைப் பசைத்தாளில் அச்சடித்துக் கொடியில் காயப்போடுவதுதான் அவளுக்கும் கமலத்துக்கும் வேலை. எழுபத்திரண்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் மை காயவே மாட்டேனென்றது. போதாததற்கு நீலாவதிக்குப் பிறந்ததிலிருந்தே உள்ளங்கை வேர்க்கும். எத்தனை துடைத்தாலும் கசியும். போன கம்பெனியில் அதற்காகவே நிறுத்திவிட்டார்கள். இந்த வாரமும் ஈஷினால் வரவேண்டாமென்று மேஸ்திரி மாணிக்கவேல் சொல்லியிருந்தார். வீட்டில் புருஷன் இடுப்பொடிந்து படுத்து எட்டு மாசம். இரண்டு பிள்ளைகள்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது மண் கொட்டகையிலிருந்து பீங்கான் மண்ணின் வெள்ளை மாவு ஒரு பிடி மடியில் கட்டி வந்தாள். கையில் பூசிக்கொண்டாள். காயாத மையின் மேலும் லேசாகத் தூவி ஊதினாள். ஒட்டவில்லை. நாலு நாள் ஒரு தாள்கூட ஈஷவில்லை.

"இப்பத்தான் ஒனக்குக் கை வந்திருக்குது" என்றார் மேஸ்திரி.

அடுத்த செவ்வாய்க்கிழமை சூளை பிரித்தார்கள். அந்தப் பூக்களை ஒட்டிச் சுட்ட ஐந்நூறு கோப்பை. ஒவ்வொரு ரோஜாவிலும் அம்மை போட்டதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

மேஸ்திரி ஒரு கோப்பையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "மண்ணு பட்டிருக்குது. யாரு கையி?"

இருவர் தாளும் ஒரே கட்டாகத்தான் போயிருந்தன. நீலாவதி கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மேஸ்திரி கமலத்தைப் பார்த்தார். போன மாசம்தான் அவள் மண் கொட்டகையிலிருந்து இங்கே மாறி வந்தவள்.

"கழுவிட்டுத்தாங்க தொட்டேன்" என்ற கமலம், தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நெகத்துல இருந்திருக்குமோ என்னமோ."

அவ்வளவுதான். கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

சொல்லிவிட வேண்டுமென்றுதான் நீலாவதி பின்னாலேயே ஓடினாள். கேட்டருகில் கமலம் நின்றாள்.

"நீ ஏண்டி அழுவுற? எங் கையி அப்பிடி. ஒன்னுது மட்டும் எப்பிடி ஈஷாம வருது? எனக்கும் கத்துக் குடேன். மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்த கேளு நீலா. இன்னொருவாட்டி விட்டாருன்னா ஒழுங்கா செஞ்சிடுவேன். வூட்டுல போயி என்னான்னு சொல்லுவேன்?"

நீலாவதி கண்ணைத் துடைத்தாள். "கேக்குறேங்க்கா" என்றாள்.

மேஸ்திரி அறையைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். கதவு திறந்தே இருந்தது. அவள் கால் அங்கே நிற்கவில்லை. மிச்ச மாவைப் புள்ளிகளைக் கண்டதுமே சாக்கடையில் கொட்டியிருந்தாள். இனி மறுபடி ஈஷும். இன்றைக்கில்லாவிட்டால் அடுத்த வாரம் அவளையும் அனுப்புவார்கள். அது தெரிந்தும் ஒரு புதுத் தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

வெளியே தூறல் பிடித்தது. கமலம் போகவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கேட்டுக்கு அந்தப் பக்கம், மேஸ்திரி அறைக் கதவையே பார்த்தபடி நின்றிருந்தாள்.