வாத்துக்குஞ்சுகளுக்குப் பனியன் மெத்தை

அன்று காலையிலிருந்தே ரோஸ்மேரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலம்பாளையத்து லைன் வீட்டில் அட்டைப்பெட்டிக்குள் விட்டுவந்த ஆறு வாத்துக்குஞ்சுகளில் ஒன்று நொண்டியது. நேற்று லேசாகத்தான். இன்றைக்கோ இடது காலை ஊன்றவே இல்லை. பாதம் வீங்கிக் கறுத்துக் கிடந்தது. அவள் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்கார அம்மா மருதம்மாள் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டார்.

"காலு உளுந்துருச்சு கண்ணு. இது ஏதோ சீக்கு. என்ற கோழிகளுக்கு ஒட்டுச்சுன்னா நா என்ன பண்றது? பொழுது உளுகறதுக்குள்ள பெட்டி இந்தக் காம்பவுண்டுக்குள்ள இருக்கக்கூடாது."

கத்தியிருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். மருதம்மாள் மெதுவாகச் சொன்னார், அதுதான் பயம்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவளுக்கு வாத்து புதுசு. வாங்கிய அன்றே அகலத் தட்டில் தண்ணீர் வைத்தாள். எல்லாம் உள்ளே இறங்கி நனைந்து வெடவெடவென்று நடுங்கின. தாய் இல்லாத குஞ்சு நனையவே கூடாது, மூக்கு முங்குகிற அளவுக்குத் தண்ணீர் போதும் என்று தீவனக்கடைக்காரர் திட்டாத குறையாகச் சொன்னார். அப்புறம் மேலே குண்டு பல்பு தொங்கியது. குருணையை ஊறவைத்து, கோழிக்குஞ்சுத் தீவனம் கலந்து, முருங்கைக்கீரையைப் பொடியாக அரிந்து போட்டாள். படுக்கைக்குக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்த கட்டிங் வேஸ்ட் துணித்துண்டுகள், பூ மாதிரி மெத்தென்று. நமக்கே கோரப்பாய், இதுகளுக்குப் பனியன் மெத்தையா என்று புருஷன் டேனியல்கூடக் கிண்டலடித்தான்.

இத்தனை செய்தும் எங்கே தப்பு? கீரை கூடிவிட்டதா, குருணை பழசா? கம்பெனியில், தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிரை வெட்டும் அவள் மேஜையில் குழந்தை பனியன்கள் குவிந்துகொண்டே போயின. சூப்பர்வைசர் செந்தில்வேல் இரண்டு தரம் வந்து, என்னங்க இன்னைக்கு கை ஓடலீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

யோசனையில் அவள் ஒரு நீள நூலை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். விரல் விண்ணென்று தெறித்தது. குனிந்து பார்த்தால் நுனி வீங்கிக் கறுத்திருந்தது.

அதே நிறம்.

சாப்பாட்டு மணி அடிக்கும்வரை செந்தில்வேல் விடவில்லை. சரக்கு ஏற்றுகிற நாள். மணி அடித்ததும் அரைநாள் லீவு சொல்லி, லாக்கரிலிருந்து போனை எடுத்து மருதம்மாளைக் கூப்பிட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் பிசிர் வெட்டும் கட்டர் கையோடு வந்துவிட்டது தெரிந்தது.

வீட்டில் பெட்டி இல்லை. தெருவுக்கு ஓடினாள். கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில் பெட்டி. பக்கத்தில் முக்காலி போட்டுக் குச்சியும் கையுமாக மருதம்மாள்.

"உள்ளார வேண்டாம்னுதான் சொன்னேன், காக்காய்க்குக் குடுன்னா சொன்னேன்?"

ரோஸ்மேரி தரையிலேயே உட்கார்ந்தாள். குஞ்சை மடியில் கவிழ்த்துக் காலைத் தடவினாள். பாதத்துக்குச் சற்று மேலே, சதைக்குள் புதைந்து ஒரு வெள்ளைக் கோடு. மூச்சை அடக்கிக் கட்டர் நுனியை நுழைத்து அழுத்தினாள். குஞ்சு உதறியது. சுருள் சுருளாக நூல் வந்தது. இன்னும் இரண்டு குஞ்சுகளின் காலிலும் இறுகாத வளையங்கள்.

"சீக்கு இல்லக்கா. நூலு. நாந்தான் கொண்டாந்து போட்டிருக்கேன்."

மருதம்மாள் அந்த நூலை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"ஊரு பனியனுக்கெல்லாம் பிசிரு வெட்டிப்போட்டு உன்ற ஊட்டுல உட்டுப்புட்டியே, கண்ணு."

ரோஸ்மேரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேஸ்ட்டை எல்லாம் அள்ளிக் கொட்டினாள். மருதம்மாள் கோழிக்கூண்டுக்கு வைத்திருந்த உமியில் ஒரு கூடை கொண்டுவந்து பெட்டியில் பரப்பினார். ஆனால் பெட்டியை உள்ளே எடுக்கச் சொல்லவில்லை.

வெயில் சாய்ந்தது. ரோஸ்மேரி குருணையை வைத்தாள். ஐந்தும் முட்டிமோதிப் பாய்ந்தன. ஆறாவது ஒற்றைக் காலில் நின்று பார்த்தது. வீங்கிய பாதத்தை உமியில் வைத்தது, வெடுக்கென்று தூக்கியது, மறுபடி வைத்தது. அப்படியே இரண்டு எட்டு வந்து குருணையில் மூக்கை விட்டது.

முக்காலி நகரும் சத்தம் கேட்டது.

"உள்ளார தூக்கி வெய்யி கண்ணு. பொழுதானா நாய் வரும்."