அடுப்பு காணாத கால்

கடத்தூர்ப் பக்கத்து வெல்ல ஆலைகளில் அடுப்புக்காரனை அவன் காலை வைத்தே சொல்லிவிடலாம். சீசன் முழுக்க அடுப்பு வாயில் நின்று கரும்புச் சக்கை தள்ளுகிறவனுக்கு, முழங்காலுக்குக் கீழே தோல் வலைவலையாகக் கறுத்துப்போகும். முனிராஜுக்கும் அப்படித்தான். அவன் மனைவி நிர்மலா அதே ஆலைக் கொட்டாயின் மறுகோடியில் வெல்லத்தைச் சூட்டோடு துணியில் அமுக்கி உருண்டை பிடிக்கிறவள். அவள் காலிலும் அந்த வலை விழுந்தபோது யாரும் அதை நோவு என்று நினைக்கவில்லை.

"புருசன் காலு கோலத்த இவளும் போட்டுக்கிட்டா பாரு. அடுத்து மீசையும் வந்துரும்" என்றாள் கூட வேலை செய்யும் கோவிந்தம்மாள். கொட்டாயே சிரித்தது. நிர்மலாவும் சிரித்துவைத்தாள்.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. முதலாவது, நாள் தள்ளிய கொஞ்சத்திலேயே கலைந்தது. இரண்டாவது, ஆறாம் மாசத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றது. ஊரில் அதற்குக் காரணம் தயாராக இருந்தது. சூடு. அடுப்புக்காரன் உடம்பில் ஏறின அனல் அவனோடு வீட்டுக்கு வருகிறது, கிட்டே படுத்தால் கருவைச் சுட்டுவிடுகிறது என்றார்கள். அடுப்பில் நிற்கிற குடும்பங்களில் பொண்டாட்டி முழுகாமல் இருந்தால் புருஷன் கட்டில் வெளியே போய்விடும். தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் அவன் வாசற்படி ஏறமாட்டான்.

மூன்றாம் முறை என்று தெரிந்த அன்றே முனிராஜ் கட்டிலைத் தூக்கி வேப்பமரத்தடியில் போட்டான். அவளும் கொட்டாய்ப் பக்கம் போவதை விட்டாள். இளநீர், வெந்தயம், மோர் என்று குளிர்ச்சியாகவே உள்ளே போனது. இதுவாவது தங்கவேண்டும் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

மழை பிடித்து ஆலை நின்றது. முனிராஜ் பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டி தூக்கப் போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் குளித்துக்கொண்டிருந்தவன், காலுக்குச் சோப்புப் போடும்போது அப்படியே நிறுத்தினான். அவன் கால் வெளுத்திருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துணி உலர்த்துகிறவளின் காலைப் பார்த்தான். நாவல்பழச் சாற்றில் நனைத்த கொசுவலையை ஒத்தி எடுத்த மாதிரி, அவள் கால் வலை முழங்காலையும் தாண்டி மேலே போயிருந்தது.

"எனக்கு மறைஞ்சி போச்சி. உனக்கு ஏன் போவல?"

"தெரியல."

"நீ அடுப்புகிட்ட நின்னவளே இல்லியே, நிர்மலா."

அவள் குனிந்து தன் காலை யாருடைய காலையோ போலப் பார்த்தாள். இடது கைவிரல்கள் கொஞ்ச நாளாகவே மரத்துப்போவதை அப்போதுதான் அவனிடம் சொன்னாள்.

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிள்ளை கலைந்திருக்கிறதா, கை மரக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். இவள் ரத்தம் உடம்புக்குள்ளேயே உறைகிறது. சின்னச் சின்னக் குழாயில் தேங்கி நிற்பதுதான் தோலில் வலையாகத் தெரிகிறது. முந்தின பிள்ளைகளுக்குப் போன ரத்தமும் அப்படித்தான் அடைத்துக்கொண்டிருக்கும்.

"அப்ப சூடு இல்லீங்களா?" என்றான் முனிராஜ்.

"சூட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா."

கொஞ்சம் கழித்து அதையே மறுபடியும் கேட்டான். அவரும் பொறுமையாக மறுபடி சொன்னார். ஸ்கேனில் பிள்ளையின் துடிப்பைச் சத்தமாக வைத்துக் காட்டினார்கள். நிர்மலா அதைப் பக்கத்து வீட்டு மிக்ஸிச் சத்தம்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிரசவம் வரைக்கும் வயிற்றில் தினமும் ஊசி, கூடவே ஒரு மாத்திரை, விடாமல் போட்டால் தங்க நல்ல வாய்ப்பு உண்டு என்றார்கள். ஊசி போட முனிராஜுக்கு நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார்.

அன்று வீடு திரும்பியதும் அவன் வேப்பமரத்தடிக் கட்டிலை உள்ளே கொண்டுவந்து போட்டான்.

பொங்கல் வெல்லத்துக்காக ஆலை ஓட ஆரம்பித்தது. நிர்மலாவுக்கு ஆறாம் மாசம். போன பிள்ளையின் அசைவு நின்ற மாசம். முனிராஜின் காலில் பழையபடி வலை விழத் தொடங்கியிருந்தது. சாயங்காலம் வந்ததும், தேவையில்லை என்று தெரிந்தும், தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் படி ஏறினான். அவள் அதைத் தடுக்கவில்லை.

ஈரத்தலையோடு பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசியை இறக்கினான். விரலில் வெல்ல வாசம் போகவேயில்லை.

"வலிக்குதா?"

அவள் யோசித்துப் பார்த்தாள்.

"ஒதைக்குது" என்றாள்.

"நான் ஊசியக் கேட்டேன்."

"அது தெரியல."

அவன் ஊசியை எடுத்த பிறகும் கையை எடுக்கவில்லை.