தீபாவளிக்கு யார் முறை

கரண்ட் போய்த் தையல் மெஷின்கள் நின்றால் சாமியப்பனின் நாடியும் நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து துடிக்கும். நிற்கும் நேரத்தில் அவர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருப்பார், விரல்கள் மட்டும் சில்லிட்டுப் போகும். நாள்கணக்கில் நின்றால்தான் ஆபத்து.

பருத்தி விளைந்த தோட்டத்தில் லைன் வீடுகள் கட்டித் தெற்கத்திக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டவர் அவர். அருள்புரமே அப்போது பாதி காடு. வீட்டுக்கு வீடு பனியன் தைக்கும் சத்தத்துக்கு முதலில் சண்டை போட்டார். மனைவி போன பிறகு அந்தச் சத்தம் எப்போது உடம்புக்குள் போனதென்று அவருக்கே தெரியாது.

சத்தம் ஆகாதென்று டாக்டர் சொல்ல, பனியன் கம்பெனி நடத்தும் மகன் சசிகுமார் அவிநாசிபாளையம் பக்கத்திலிருந்த தன் பங்களாவுக்குக் கூட்டிப்போனான். அங்கே எந்த வீட்டுக் கதவும் திறக்காது. ஒரே வாரத்தில் அவர் கால் முழங்கால்வரை குளிர்ந்தது. பதறிப்போனவன் மெஷின் ஒன்றை வாங்கிவந்து பகலெல்லாம் சும்மா ஓடவிட்டான். பலிக்கவில்லை.

"காத்தைத் தைக்கிற மெஷின் எனக்கெதுக்கு கண்ணு? பக்கத்தூட்டு வேல்விழி துணியைத் திருப்பறப்ப ஒரு கணம் நிறுத்துவா பாரு, அது வேணும். என்னைய என்ற ஊட்டுலயே உட்டுரு."

திரும்பி வந்தபோது லைன் வீட்டுச் சந்து முனையிலேயே நாடி திரும்பிவிட்டது. ஆனால் தீபாவளி வந்தது. திருப்பூரே பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும் நாட்கள். சாமியப்பன் எல்லாரையும் சந்தோஷமாகப் போய்வரச் சொன்னார். வேல்விழி ஊரிலிருக்கும் தன் அம்மாவைப் பார்த்து ஒரு வருடமாகியிருந்தது. ஆட்டோ நிற்க, விடைபெற அவர் கையைப் பிடித்தவளுக்கு, ஒவ்வொரு வீடாக மெஷின் அணைய அணைய அந்த நாடி தளர்வது தெரிந்தது. பையைத் திரும்ப வீட்டுக்குள் வைத்தாள்.

"பொங்கலுக்குப் போய்க்கிடுதேன் ஐயா. நீங்க கெடங்க."

கம்பெனித் துணி இல்லாததால் கட்டிங் வேஸ்ட்டை ஒட்டுப்போட்டுக் கால்மிதி தைத்தாள். அடுத்த வருடம் எதிர்வீட்டு முனீஸ் ஊருக்குப் போகாமல் இருந்து தைத்தான். பிறகு வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல் முறை வைத்துக்கொண்டார்கள்.

இந்த வருட முறையைச் சசிகுமார் கேட்டு வாங்கிக்கொண்டான். ஆயிரம் பேர் தைக்கும் கம்பெனி வைத்திருந்தாலும் அவனுக்குத் தைக்கத் தெரியாது. வேல்விழியின் மெஷினில் உட்கார்ந்து விட்டு விட்டுத்தான் தைத்தான், கால்மிதியெல்லாம் கோணல். சாமியப்பனின் நாடியும் அந்தத் தீபாவளி முழுக்கக் கோணலாகவே துடித்தது. அவருக்கு அது பிடித்திருந்தது.