எழிலரசிக்கு ஏரியில் ஓ.டி.

ஒரகடத்தில் கம்பெனி கேட்டுக்கு எதிரே மீன் வறுவல் வண்டி போட்டிருக்கும் எழிலரசிக்கு இந்த வருஷம் ஜென்ம விரோதி ஒன்று முளைத்தது. மனுஷன் இல்லை, விரால் மீன்.

அவள் வியாபாரமே சேரப்பணஞ்சேரிப் பக்கத்து ஏரியின் ஜிலேபி மீனை நம்பித்தான். ஒரு காலத்தில் அங்கே விரால் கிடந்தது. ஏரி வற்றிய வருஷம் ஊரே இறங்கிச் சேற்றைத் தோண்டி, ஒன்று விடாமல் குழம்பு வைத்துத் தின்று தீர்த்தது. அடுத்த மழைக்கு ஏரி நிரம்பியது. பிடித்துத் தின்ன விரால் இல்லாததால் ஜிலேபி குஞ்சு பொரித்துப் பெருகித் தள்ளியது. கூடை கூடையாக மீன். எல்லாம் விரல் நீளம், ஒரே முள். தண்ணீரும் டீ மாதிரி கலங்கிப் போனது.

"யக்கா, இது மீனா, சீப்பா? இத வச்சு தலை சீவலாம் போலருக்கே," என்றான் தூத்துக்குடியிலிருந்து வந்து கம்பெனி லைனில் வேலை பார்க்கும் மாரிசெல்வம், ஷிப்ட் முடிந்தும் ஓ.டி. என்று கூடுதல் நேரம் பார்த்துவிட்டு வந்த பசியில். சொன்னதோடு விட்டானா? கூட்டாளிகளையும் இழுத்துக்கொண்டு பக்கத்து சிக்கன் பக்கோடா வண்டிக்குப் போய்விட்டான். வியாபாரம் படுத்தால் எழிலரசி மறுபடி ஹவுஸ்கீப்பிங் வேலைக்குத்தான் போக வேண்டும். அந்த சூப்பர்வைசர் மூஞ்சியில் மறுபடி முழிக்க அவள் தயாராக இல்லை.

இந்த நேரம் பார்த்து, ஏரியில் வலை போடும் அவள் கொழுந்தன் தாவீது கொண்டுவரும் கூடையும் பாதியாகிவிட்டது. ஏனென்று கேட்டால் தலையைச் சொறிந்தான்.

"போன வருஷ மழையில விரால் குஞ்சு வாங்கியாந்து ஏரில உட்டேன் அண்ணி. அதுங்க துன்னுது."

"அடப்பாவி! எம் பொழப்புலயே கை வச்சுட்டியா? அத்தினியும் புடிச்சு ஒழிக்கறனா இல்லியா பாரு!"

எழிலரசி சொன்னால் செய்கிறவள். மறுநாளே தூண்டிலில் தவளையைக் கோத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள். தண்ணீர் தெளிந்திருந்தது, அல்லி இலை விட்டிருந்தது. கோபத்தில் இருப்பவளுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படும்? கோரை ஓரம் சிவப்பாகப் பொடிமீன்கள் மொய்த்துக்கொண்டிருந்த இடத்தில் தூண்டிலைப் போட்டாள். முழ நீள விரால் ஒன்று பாய்ந்து வந்து கவ்வியது. வண்டிக்கு வந்து வயிற்றைக் கீறினால், உள்ளே பொடிப்பொடியாக ஜிலேபிக் குஞ்சுகள். "திருட்டு நாயே!" என்று திட்டிக்கொண்டே துண்டு போட்டாள்.

அன்று சாயங்காலம் மாரிசெல்வம் எட்டிப் பார்த்தான். போனால் போகிறதென்று ஒரு ஜிலேபியை வாங்கிக் கடித்தான்.

"யக்கா, இன்னொன்னு போடுங்க. சதை அள்ளுதுல்லா!"

இத்தனை நாள் கூடை குறைந்ததை மட்டுமே பார்த்து வயிறெரிந்தவள், அப்போதுதான் மீனைக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

"இன்னா அண்ணி பாக்கற? கேன்டீன்ல கூட்டம் கொறைஞ்சா தட்டு ரொம்பும்ல? விரால் பொடிசுங்கள துன்னுதா, மிச்சம் கீறதுக்கு நல்லா தீனி கெடைக்குது," என்று சொல்லிக்கொண்டே வண்டிக்கு வந்த தாவீது, துண்டு போட்ட விராலைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "இத எங்க புடிச்ச?"

"கோரை ஓரமா. செவப்பா பொடிமீனுங்க அதச் சுத்திக்கினு கெடந்துச்சு."

தாவீதின் முகம் செத்துவிட்டது. "அது காவலுக்கு நின்னுச்சு அண்ணி. அதெல்லாம் அதோட குஞ்சுங்க."

அதற்குப் பிறகு எழிலரசிக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் காவல் இல்லாத குஞ்சு என்னாகும் என்று தெரியாதா? மறுநாள் மத்தியானம் ஏரிக்கு ஓடினாள். சிவப்புக் குஞ்சுகள் இன்னும் அதே இடத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தன, பாதிதான் மிச்சம். நாலா பக்கமும் ஜிலேபிகள் புகுந்து கொத்திக்கொண்டிருந்தன.

"சீ, அப்பால போங்க!" புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். வண்டியிலிருந்து கையோடு வந்துவிட்ட, எண்ணெய் வடிக்கும் ஜல்லிக்கரண்டியாலேயே தண்ணீரை அடித்து ஜிலேபிகளை விரட்டினாள். அவை விலகும், சுற்றிக்கொண்டு மறுபக்கம் வரும். அவளும் திரும்புவாள்.

வெயில் சாய்ந்தது. ஷிப்ட் விடும் சங்கு ஊதியது. தாவீது கரையில் நின்று கத்தினான்.

"அண்ணி! ஆளுங்க வந்துடுவாங்க. கடைய யாரு பாக்கறது?"

"நீ போய் அடுப்பப் பத்த வை," என்றாள் எழிலரசி, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு இங்க ஓ.டி."