ஆண்டெனாவுக்காகத் திரும்பிய வீடு

கிழக்கு பார்த்து நின்ற வீடு ஒன்று, ஒரு மழைக்காலம் ஓய்ந்து அடுத்தது பிடிப்பதற்குள் மேற்கு பார்த்துத் திரும்பியது. திருப்பியவர் ஒற்றை ஆள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைக் காலர் கசங்க விடாதவர். செருப்பைக்கூடக் குனிந்து மாட்டாதவர். தெருவில் அவருக்குத் தூண் என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட யாருக்கும் நாக்கு எழவில்லை. வீடு திரும்பியதில் சுவர் விரியவில்லை, கதவு இறங்கவில்லை, அடுக்களை அலமாரியில் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளவும் இல்லை.

அவர் மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடம் போனவள் அல்ல. அவளுக்கென்று அந்த வீட்டிலேயே உண்டான ஒரு கைப்பேச்சு இருந்தது. விரல் நுனிகளைத் தேய்த்தால் உப்பு, தோளில் விரல்களைத் தட்டினால் மழை, வயிற்றைத் தடவினால் அதே வீட்டில் இருந்த தொப்பைக் கொழுந்தன், முழங்கையை மடக்கி முன்கையை நட்டுக்குத்தலாக நிறுத்தினால் கணவர். அவர் உதடு அசைவதைப் பார்த்தே அவர் சொல்வதை அவள் தெரிந்துகொள்வாள். அவள் சொல்வதைத் தெரிந்துகொள்ள அவர் மெனக்கெட்டதில்லை. நாலு பேர் முன்னால் கையை ஆட்டிப் பேசுவது கௌரவக் குறைவு என்று நினைத்தார். இடையில் மகள் இருந்தாள். அம்மாவின் கையை அப்பாவுக்கு வாயால் சொன்னாள். அந்த மகளுக்குக் கல்யாணமாகி, புருஷனோடு தலைநகருக்குப் போனதும், மனைவியின் கைகள் மடியில் படுத்துக்கொண்டன. சமைத்தன, துவைத்தன, மறுபடி மடிக்கே வந்தன. கொழுந்தன் வயிறு அவள் கைப்பேச்சில் ஒருமுறைகூட வராமலே ஒரு வருஷம் வளர்ந்தது.

மகள் காது கேளாதோர் மொழியை முறையாகப் படித்தவள். தலைநகரில் அவளுக்குத் தொலைக்காட்சியில் வேலை கிடைத்தது: நண்பகல் செய்தியில், திரையின் மூலையில் ஒரு வட்டத்துக்குள் நின்று, வாசிப்பவர் சொல்வதைக் கையால் சொல்ல வேண்டும். எல்லாம் நேரடி ஒளிபரப்பு. இந்தச் சேதியைக் கொண்டுவந்தவர் சம்பந்தி. ஊர் முழுக்க கேபிள் இழுத்திருப்பவர் அவர்தான். நாற்காலி நிறைய உட்கார்ந்து, செய்தி முடிந்து இசை ஓடும்போது தன் மருமகள் இன்னும் ஏதோ கையை ஆட்டுகிறாள், அது படிப்பில் உள்ள சைகை இல்லையாம், தங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை என்று சொன்னார். மனைவி அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த கைகளில் ஒன்று லேசாக எழுந்து, மறுபடி படுத்தது. தூண் அதைப் பார்த்தார்.

"நாளைக்கே ஒரு கம்பி இழுத்து விட்டுடறேன் சம்பந்தி. காசெல்லாம் வேண்டாம்."

"காசு வேண்டாம்னா கம்பியும் வேண்டாம்."

"சரி, உங்க திருப்திக்கு மாசாமாசம் குடுத்துடுங்க."

"பொண்ணு குடுத்த வீட்டுல நான் என்ன வாடிக்கையாளரா?"

சம்பந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இப்படியும் வேண்டாம், அப்படியும் வேண்டாம்னா ஆகாசத்துல இருந்துதான் பிடிச்சுக்கணும்."

"பிடிச்சுக்கறேன்," என்றார் தூண்.

ஆகாசத்தில் இருந்து பிடிக்க வழி இல்லாமல் இல்லை. மொட்டைமாடியில் அவருடைய அப்பா நட்ட ஆண்டெனா இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அதைத் திருப்பி அடித்துக்கொண்ட காலத்தில், அப்பா ஒருநாள் அதைக் கிழக்கு மலைமேல் இருந்த ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்க்க நிறுத்தி, அடியில் கான்கிரீட் கொட்டி, இனி இதைத் தொட்டவன் என் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டார். பிறகு ஒரு புயலில் மலைக் கோபுரம் சாய்ந்தது. புதிய கோபுரத்தை ஊருக்கு மேற்கே, ஆற்றுக்கு அப்பால் கட்டினார்கள். அன்று முதல் அந்த வீட்டுப் பெட்டியில் கடுகு கொட்டினாற்போலப் புள்ளிதான். தூணுக்கு அது பெரிய குறையாகவும் தெரிந்ததில்லை.

ஆண்டெனா கடைக்காரர் மேலே ஏறிப் பார்த்து, ஒரு திருப்பு திருப்பினால் வேலை முடிந்தது என்று இடுக்கியை எடுத்தார். அப்பா சொல்லைச் சொல்லி அவரைத் தடுத்தார்கள். அப்படியானால் பக்கத்தில் புதிதாக ஒன்று நட்டுவிடலாம் என்றார். அதுவும் ஆகாது. அந்தத் தெருவில் ஒரு மாடியில் இரண்டு ஆண்டெனா நின்றால் அண்ணன் தம்பி அடுப்பைப் பிரித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்படித்தான் ஒவ்வொரு வீடாகப் பிரிந்திருந்தது. தெருக்கோடியில் நின்று மாடிகளைப் பார்த்தாலே எந்த வீட்டில் எத்தனை அடுப்பு என்று சொல்லிவிடலாம். தூணும் அவர் தம்பியும் இன்னும் ஒரே பானைச் சோறு தின்கிறவர்கள். கடைக்காரர் இடுக்கியைப் பையில் போட்டுக்கொண்டு, ஆண்டெனாவும் திரும்பாது, இன்னொன்றும் வராது என்றால் வீட்டைத்தான் திருப்ப வேண்டும் என்று முணுமுணுத்தபடி இறங்கினார். அவர் அதைக் கோபத்தில் சொன்னார். கேட்டவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

இருந்தும் தூண் கொஞ்ச நாள் சும்மாதான் இருந்தார். ஒரு நண்பகல், கடைக்குப் போய்த் திரும்புகையில், பக்கத்து வீட்டுத் தையல்காரரின் ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு பெண் எம்பி நிற்பதைக் கண்டார். நுனிக்காலில் நின்று, கம்பியைப் பிடித்து, உள்ளே ஓடும் பெட்டியை எட்டிப் பார்க்கிறாள். உள்ளே தையல்காரரின் பேரப்பிள்ளைகள் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவருடைய மனைவி. அவர் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் கேட்காது. வீட்டுக்கு வந்து, ஒரு வாயகன்ற பாத்திரத்தில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிக் கூடத்தின் நடுவில் வைத்தார்.

ரயில்வேயில் அவர் பார்த்த வேலை எஞ்சின் திருப்புவது. எஞ்சினை ஒரு வட்ட மேடைமேல் ஏற்றுவார்கள். மேடை நடுவில் ஓர் அச்சின்மேல் நிற்கும். எஞ்சினின் பாரம் சரியாக அச்சின்மேல் விழுந்துவிட்டால் இரண்டு பேர் தோள் கொடுத்தே அதைத் திருப்பலாம். ஒரு சாண் தள்ளி நின்றால் ஊரே வந்தாலும் அசையாது. வீட்டுக்கும் அதே கணக்குத்தான் என்றார் தம்பியிடம். பீரோவை வடக்கே நகர்த்தினார். அரிசி டிரம்மைத் தெற்கே உருட்டினார். சாப்பிட்டதும் தம்பி எந்த மூலையில் படுக்க வேண்டும் என்று சுண்ணாம்பால் கோடு போட்டார். பாத்திரத்துத் தண்ணீர் எந்தப் பக்கமும் சாயாமல் நின்ற நாளில், வேட்டியை மடித்துக் கட்டி, வீட்டின் வடகிழக்கு மூலையில் தோளைக் கொடுத்தார். வீடு ஒரு விரற்கடை நகர்ந்தது. அவர் கை கழுவிவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு வந்தார்.

அதன்பின் தினமும் ஒரு சாண். வாசல் மெல்ல மெல்லத் தையல்காரர் வீட்டுப் பக்கம் திரும்பியது. மதில் இடிக்குமே என்று தையல்காரர் பதறினார். மதில் கிட்டே வந்ததும் வீடு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு கடந்து போனது. அதைப் பார்த்தபின் அவர் அங்கே துணி காயப்போடுவதைக்கூட நிறுத்தவில்லை. குழாய்கள் பிழிந்த துணிபோல முறுக்கிக்கொண்டாலும் தண்ணீர் வந்தது. காலை வெயில் அறை மாறி விழுந்ததில் தம்பி மனைவியின் ஊறுகாய் ஜாடிகள் அதன் பின்னாலேயே அலைந்தன. தபால்காரர் முதலில் திணறினார். பிறகு கடிதத்தை ஜன்னலில் கொடுத்துப் பழகிக்கொண்டார். சம்பந்தி ஒருமுறை வந்து, வாசலைக் காணாமல் வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசியில் அடுக்களை வழியே உள்ளே வந்தார்.

"ஒரு கம்பிக்கு இவ்வளவு கூத்தா சம்பந்தி? ஊர் சிரிக்குது."

"சிரிக்கட்டும். கும்பிட்டு நின்னாத்தான் நான் வெக்கப்படணும்."

பாதிக்கு மேல் திரும்பிய பிறகு வீடு நின்றுவிட்டது. தூண் தள்ளினார், தோல் உரிந்தது, வீடு அசையவில்லை. தம்பி சேர்ந்து தள்ளினார். தையல்காரர் மதிலைத் தாண்டி வந்து தள்ளினார். தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துப் பார்த்தபோது தண்ணீர் பின்கட்டுப் பக்கம் சாய்ந்து வழிந்தது. பின்கட்டு அறையில் ஒரு பாயும் மனைவியும் தவிர எதுவும் இல்லை. பாயை எடுத்துப் பார்த்தார்கள், பயனில்லை. அவளை எழுப்பி வெளியே உட்காரவைத்தார்கள். அப்போதும் தண்ணீர் அங்கேயே சாய்ந்தது. மகள் போன நாளிலிருந்து அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் அந்த அறையில்தான் இருந்தது. அது எவ்வளவு கனம் என்று எஞ்சின் திருப்பியவருக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

மறுநாள் அவர் வீட்டைத் தள்ளப் போகவில்லை. அந்த அறைக்குப் போய், மனைவிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். சொல்லு என்று உதட்டை அசைத்தார். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு ஒரு கை எழுந்தது, இன்னொன்றும் எழுந்தது. முதல் நாள் அவருக்கு விளங்கியது உப்பும் மழையும்தான். தப்பாகத் தலையாட்டியபோதெல்லாம் அவள் அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி மறுபடி தொடங்கினாள். போகப்போக அவரும் கையைத் தூக்கினார். முதலில் கதவைச் சாத்திக்கொண்டு, பிறகு திறந்து வைத்துக்கொண்டு. தம்பியின் வயிற்றைப் பற்றி அவள் நெடுநாளாகச் சொல்ல நினைத்ததை அவர் புரிந்துகொண்ட அன்று, இருவரும் சிரித்த சத்தத்தில் தம்பி எட்டிப் பார்த்து, "என்னண்ணே?" என்றார். "உனக்கில்லை," என்றார் தூண். வெயில் காலம் முழுக்க அந்த அறை இப்படியே ஒழிந்தது. தண்ணீர் மட்டமாக நின்றது. அவர் மூலைக்குப் போய்த் தோளைக் கொடுத்தார். வீடு எண்ணெய் போட்ட கதவுபோலப் போனது.

மேற்கே ஆற்றுக்கு அப்பால் கோபுரம் ஆண்டெனாவுக்கு நேரே வந்த நாளில், பெட்டியில் கடுகு ஓய்ந்து ஒரு முகம் தெரிந்தது. சம்பந்தியும் வந்திருந்தார், சோதித்துப் பார்க்கவே வந்தவர், பெட்டிக்குப் பின்னால் குனிந்து, தன் கம்பி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு உட்கார்ந்தார். மூலை வட்டத்தில் மகள் இருந்தாள். வெங்காய விலையையும் வெளியுறவு மந்திரியின் பயணத்தையும் கையால் சொல்லி முடித்தாள். இசை ஓடியது. அப்போது அவள் முன்கையை நட்டுக்குத்தலாக நிறுத்தி, அதை லேசாக ஒருமுறை வளைத்து, மறு கையால் அதன்மேல் தட்டிக் கேட்டாள். அவ்வளவுதான், விளம்பரம் வந்துவிட்டது.

"இதேதான் தினமும். என்ன அது?" என்றார் சம்பந்தி.

மனைவியின் கைகள் எழுவதற்குள் தூண் பதில் சொன்னார்: "அப்பா வளைஞ்சு குடுத்தாரா, அம்மா பேசறது அவருக்குப் புரியுதான்னு கேக்கறா."

சம்பந்தி முன்னாலேயே, கூடத்தின் நடுவில், பெட்டியைப் பார்த்து அவர் கையை உயர்த்திப் பதில் சொன்னார். சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் செய்தி முடிந்ததும் மகள் அதற்கு மறுபதில் சொன்னாள். அது எப்படி என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

வரி அலுவலகத்தில் இருந்து ஓர் இளைஞர் வந்து, பழைய வரைபடத்தில் வாசல் கிழக்கு என்று இருப்பதாகவும் இப்போது அங்கே குளியலறை இருப்பதாகவும் சொன்னார். வீடு இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று எழுத வேண்டும் என்றார். அப்போது மணி பன்னிரண்டு ஆகவிருந்ததால் தூணும் மனைவியும் உள்ளே இடம்பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். தம்பி மனைவிதான் வந்து பதில் சொன்னாள்.

"எங்க பொண்ணைப் பாத்து," என்றாள்.

அவர் மேற்கு என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.